வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள்

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார டாக்டர் வைஸ் செத்துப்போன அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அவரை எடுத்துக்கொண்டு போக மூன்று கூட்டம் வந்து நின்றது. உயிரோடு இருந்தவரைக்கும் எட்டிப் பார்க்காத முகங்களும் அதில் இருந்தன. சவரியாயி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் சமைத்துப் போட்டவள் அவள். யாரையும் உள்ளே விடுவதாக அவளுக்கு எண்ணமில்லை.

முதலில் வந்தவர் அருளப்பன் கிராணி. தோட்டத்து ஆபீஸில் முப்பது வருஷமாகப் பேர் எழுதுகிறவர், மாதா கோயில் சபைக்கும் அவர்தான் காரியதரிசி. லகாட் டவுனிலிருந்து லாரியில் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். மூடியின்மேல் பித்தளைச் சிலுவை வெயிலில் பளபளத்தது.

அடுத்தது பக்கீர் ராவுத்தர். லகாட் பாசாரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்த முஸ்லிம் வீட்டில் ஆம்பளை இறந்தாலும் மய்யித்தைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். நோன்பு மாதம், விடியுமுன் எழுந்து சாப்பிட்ட களைப்பு கண்ணில் தெரிந்தது. மூன்றாவது ஆள் மாயாண்டி, தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். அவரோடு வந்த பையன்கள் தோளில் பச்சை மூங்கில் இருந்தது. பாடை கட்டிவிடுவது என்று தீர்மானித்தே வந்திருந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் என்றால் வேதக்காரன், தோட்டத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அருளப்பன் மாலையும் கேக்குமாகப் போவார், டாக்டரும் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொள்வார். பூசைக்கு மட்டும் வரமாட்டார். அதை வெள்ளைக்காரர்களுக்கே உள்ள சோம்பேறித்தனம் என்று அருளப்பன் மன்னித்திருந்தார். ராவுத்தர் பார்த்தது வேறு. இருபது வருஷமாக டாக்டர் பன்றியிறைச்சியைத் தொட்டதில்லை. ஆட்டுக்கறி வாங்க வந்தால், “ஓதி அறுத்ததா? ரத்தம் நல்லா வடிஞ்சுதா?” என்று கேட்காமல் வாங்கமாட்டார். மனுஷர் மனசுக்குள் கலிமா சொல்லிவிட்டார், வெளியில் சொல்லத்தான் கூச்சப்படுகிறார் என்று ராவுத்தர் அடித்துச் சொல்வார். மாயாண்டியிடம் இருந்ததோ கண்ணால் பார்த்த சாட்சி. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கும் நேரத்தில் டாக்டர் மேசைமேல் இரண்டு மெழுகுவத்தி கொளுத்திவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறவர் நம்ம ஆளாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

“நீங்க மூணு பேரும் சண்ட போட வேணாம்,” என்றாள் சவரியாயி. “அவரு உங்க மூணு பேத்துலயும் சேத்தி இல்ல. அவரு யூதரு.”

சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டாக்டர் தம் தோட்டத்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அருளப்பன் உரக்கப் படித்தார். தான் யூத மதத்தில் பிறந்தவன், அப்படியே சாகிறவன். செத்த அன்றே புதைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பொழுது சாய்வதற்குள். ஆம்பளை கையால் கழுவ வேண்டும். சவரியாயி தைத்து வைத்திருக்கும் வெள்ளை உடுப்பு போதும். சிலுவை வேண்டாம், நெருப்பு வேண்டாம், மண்தான் வேண்டும். முடிகிறவரைக்கும் உடம்பைத் தனியாக விடக்கூடாது.

படித்து முடித்ததும் அருளப்பன் தன்னையறியாமல் நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை போட்டுக்கொண்டார். “ஆண்டவரச் சிலுவையில அறஞ்ச கூட்டத்துக்கா நான் வருசா வருசம் மால போட்டேன்?” என்று முணுமுணுத்தார்.

அந்த மாதம் முழுக்கப் பேப்பரைப் பிரித்தால் யூத நாட்டுப் படை குண்டு போட்டுக்கொண்டிருந்த பெய்ரூட்தான். இடிந்த கட்டடங்களும், துணியில் சுற்றிய சின்னச் சின்ன உடம்புகளுமாகப் படங்கள். ராவுத்தர் முகம் கறுத்துச் சிறுத்துப் போனது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மாயாண்டி மட்டும், “யூதருன்னா என்ன சாதி, கிராணி?” என்று கேட்டார். கிராணி லாரியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். ஏதோ கூடாத விஷயம் என்று புரிந்துகொண்டு பையன்களைக் கண்ணால் கூப்பிட்டார்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஈ காக்கை இல்லை. சவப்பெட்டி வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விட்டது. மூங்கில் மட்டும் கிடந்தது. நாற்பது வருஷம் இவர்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் கண்விழித்த மனுஷன், ஒரு வார்த்தையில் அநாதையாகிப் போனார்.

ஆனால் அவர்களைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவளே அந்த வார்த்தையைக் கேட்டு ஒருநாள் முகம் சுளித்தவள்தான். புருஷன் சூசை செத்தபிறகு சமையலுக்கு வந்த புதிதில், “நீங்க ஏன் கோயிலுக்குப் போறதில்ல?” என்று கேட்டாள். அவர் சொன்னார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஏசுவக் கொன்னவங்களா நீங்க?” என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள். ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். டாக்டர் கோபப்படவில்லை. “மாதா எந்தச் சாதி, சவரியாயி?” என்றார். “அவங்களும் வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்துனவங்கதான்.” அதற்குமேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை. அவள் மூன்று நாள் யோசித்தாள். நாலாவது நாள் வெள்ளிக்கிழமை. தீப்பெட்டியைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

இப்போது முதல் சிக்கல், உடம்பைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்பது. மாயாண்டியின் பெண்சாதி முத்தம்மா பின்வாசல் வழியாக வந்து அதைத் தீர்த்துவைத்தாள். “எனக்கு ரெட்டப் புள்ள எடுத்தவரு லா. எந்தச் சாமியா இருந்தா எனக்கென்ன? நீ போயிட்டு வா,” என்று சொல்லிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சவரியாயி நேரே ஆபீஸுக்குப் போனாள். தோட்டத்து மண்ணில் குழி வெட்ட கிராணி கையெழுத்துப் போட்ட அனுமதித் துண்டுச் சீட்டு வேண்டும்.

“வேதக்காரங்க கல்லற எடத்துல முடியாது,” என்றார் அருளப்பன், தலை நிமிராமல். “ஞானஸ்நானம் வாங்காத ஆளு. சபையில ஒத்துக்க மாட்டாங்க.”

“நான் வேலிக்கு உள்ள கேக்கல, கிராணி ஐயா. வேலிக்கு வெளிய, எம்புள்ளைக்குப் பக்கத்துல கேக்கறேன்.”

அருளப்பனின் பேனா நின்றது. அந்தப் பிள்ளையை அவருக்குத் தெரியும்.

பிழைக்க வந்த இந்த நாடு சுதந்திரம் வாங்கிய ஐம்பத்தேழாம் வருஷம் சவரியாயிக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை, பிறந்து ஒரு மணி நேரம் மூச்சுவிட்டது. சாமியார் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அந்தக் காலத்துச் சட்டம். சூசை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் டாக்டரே அந்தப் பிள்ளையைக் கழுவி, துணியில் சுற்றி, வேலிக்கு வெளியே ரப்பர்ப் பால் வெட்டும் ஒரு கித்தா மரத்தடியில் தம் கையால் குழி தோண்டி வைத்தார். மண் தள்ளும்போது, யாருக்கும் புரியாத பாஷையில் என்னவோ சொன்னார். ஆபீஸ் புத்தகத்தில் அந்தப் பிள்ளையின் பேரை யாரும் எழுதவில்லை. எழுத மறுத்தது இருபத்துநாலு வயது அருளப்பன் கிராணிதான்.

“இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்,” என்றாள் சவரியாயி. “நீங்க துண்டு குடுக்கறவரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். மத்தியானம் ஆபீஸப் பூட்டணும்னா என்னை உள்ள வச்சே பூட்டுங்க.”

அருளப்பன் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சாவுப் புத்தகத்தை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தார். பேர், வயது, தொழில். மதம் என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு பென்சிலை எடுத்தார்.

“பேனாவால எழுதுங்க,” என்றாள்.

அவர் பேனாவால் எழுதினார்.

துண்டோடு அவள் கோயிலடிக்குப் போனபோது மாயாண்டி ஆலமரத்து நிழலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். “அப்ப அந்த வெளக்கு, ஆயி? அதெல்லாம் சும்மாவா?”

“வெளக்கு நெசந்தாண்ணே. அவரு அம்மா வீட்டுல ஏத்துன வெளக்கு.”

அம்மா வீட்டு விளக்கு மாயாண்டிக்குப் போதுமானதாக இருந்தது. “கித்தா வேரு எரும மாதிரி கெடக்கும் அங்க. கோடாலியும் வேணும்,” என்று எழுந்து பையன்களைக் கூப்பிட்டார்.

கழுவ ஆள் வேண்டும். அதுதான் கஷ்டம். வேதக்காரர்கள் தொடமாட்டார்கள், மாயாண்டிக்கு முறை தெரியாது. தெரிந்தவர் ஒருத்தர்தான். சவரியாயி மிதிவண்டியை எடுத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனாள். ஜும்மா முடிந்து கூட்டம் கலையும்வரை பாசார் சடக்கோரம் காத்து நின்றாள். மணி இரண்டேகால். அந்த ஜனவரியில் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியிருந்தது. கடிகாரத்தைத் தள்ளலாம், சூரியனையா தள்ள முடியும்? பொழுது ஏழரைக்குச் சாயும்.

ராவுத்தர் கடையில் அன்று வியாபாரம் இல்லை. வெறும் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ராவுத்தரண்ணே, ஒரு ஒத்தாச.”

“என்னைய இருவது வருசம் ஏமாத்திட்டாரு தங்கச்சி,” என்றார் அவர். குரலில் கோபத்தைவிட வலிதான் இருந்தது. “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? இன்னிக்குப் பள்ளில பெய்ரூட் புள்ளைங்களுக்காகத் துஆ கேட்டோம். எல்லாரும் அழுதாங்க. நான் அழுதுட்டு வெளிய வந்து, ஒரு யூதனக் குளிப்பாட்டவா?”

“பெய்ரூட்டுல குண்டு போட்டது இவரா?”

“இவங்க ஆளுங்க.”

“உங்க ஆளுங்க செஞ்சதுக்கெல்லாம் நீங்க பதில் சொல்வீங்களாண்ணே?”

ராவுத்தர் வெட்டுக்கட்டையைத் துணியால் துடைத்தார். கடைக்குள்ளிருந்து அவர் மகன், முப்பது வயது ஆள், “அத்தா, சொல்லிட்டேன், போனீங்கன்னா ஊருல தல காட்ட முடியாது,” என்றான்.

சவரியாயி அவனைப் பார்க்கவேயில்லை. கெஞ்சுவதற்கு அவள் வரவில்லை, அழுவதற்கும் வரவில்லை. வேலை முடிய வேண்டும். “அவருக்குத் தொழுக வைக்கச் சொல்லல. உங்க கபருஸ்தான்ல எடம் கேக்கல. தண்ணி ஊத்தக் கை வேணும், அவ்வளவுதான். எப்படிச் செய்யணும்னு எங்கிட்டச் சொல்லி வச்சிருக்காரு. கேட்டுட்டு மாட்டேன்னு சொன்னீங்கன்னா போயிடறேன்.”

“சொல்லு,” என்றார் ராவுத்தர், வேண்டாவெறுப்பாக.

“ஒடம்ப முழுசாத் தொறக்கக்கூடாது. மேல துணி போட்டபடியே கழுவணும். மொதல்ல தலை. அப்பறம் வலப்பக்கம், அதுக்கப்பறம் எடப்பக்கம்.”

ராவுத்தரின் தலை மெல்லத் திரும்பியது.

“குப்புறப் போடக்கூடாது. சாச்சுப் பிடிச்சு முதுகக் கழுவணும். கழுவறப்ப வீண் பேச்சுப் பேசக்கூடாது. நகம், காது மடிப்பு எல்லாம் சுத்தமா இருக்கணும். பாத்தத வெளிய போயி யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

“துணி?”

“வெள்ளப் பருத்தி. பட்டு கூடாது. உங்களுது தைக்காத துணி, இவருது தைச்சது. ஆனா நூல்ல முடிச்சு இருக்கக்கூடாது, சட்டையில பை இருக்கக்கூடாது. நானே தைச்சேன். எட்டு வருசமாப் பெட்டியில இருக்கு.”

“பையி எதுக்கு, கொண்டுபோறதுக்கு என்ன இருக்கு,” என்று ராவுத்தர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அத்தா, அந்த அத்தாவின் அத்தா, எல்லாரும் செய்த வேலையை ஒரு வேதக்காரப் பொம்பளை வரிசை மாறாமல் சொல்லிவிட்டாள். வலது பக்கம் முதலில் என்று சொன்ன மனுஷனை அந்நியன் என்று நினைக்க அவரால் முடியவில்லை. அது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

“கற்பூரம் இருக்கா?” என்றார்.

“அது அவரு சொல்லல.”

“சரி, வேணாம். அவரு முறப்படியே இருக்கட்டும்.” எழுந்து ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மகன் வாயைத் திறக்குமுன், “ஊருல எவன் கேட்டாலும் எங்கிட்டக் கேக்கச் சொல்லு,” என்றார்.

மூன்றரைக்குக் கழுவ ஆரம்பித்தார்கள். தூக்கிப் பிடிக்க மாயாண்டியை ராவுத்தர் கூப்பிட்டுக்கொண்டார். சவரியாயியும் முத்தம்மாவும் தண்ணீரை வாளி வாளியாகக் கதவுவரை கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே நின்றார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். ஒருமுறை ராவுத்தர், “மாயாண்டி, குப்புறத் திருப்பாத,” என்று அதட்டினார். கொஞ்சம் பொறுத்து, அவளுக்குக் கேட்கட்டும் என்றே, “வலப்பக்கம் முடிஞ்சுது, தங்கச்சி,” என்றார். அப்போதுதான் அன்று முதல்முறையாகச் சவரியாயிக்குக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த வாளியைத் தூக்கினாள்.

எல்லாம் முடிந்து எடுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலையெல்லாம் மறைந்து, லாலான் புல் படுத்துவிட்டது. ஐந்தரை, ஆறு, ஆறேகால். குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று பையன்கள் ஓடிவந்து சொன்னார்கள். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மாயாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“முடியாதுண்ணே. இன்னிக்குத்தான்.”

“மழ விடலன்னா?”

“நனஞ்சுக்கிட்டே போலாம்.”

அப்படியேதான் போனார்கள். காலையில் வாசலில் போட்டுவிட்டுப் போன பச்சை மூங்கிலில் பலகையை வைத்துக் கட்டி, ராவுத்தர் முன்னால் ஒரு தோள், மாயாண்டி ஒரு தோள், பையன்கள் பின்னால். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதை அன்று யாரும் முத்தம்மாவிடம் சொல்லவில்லை. வேலியைத் தாண்டி அந்தக் கித்தா மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது மழை தூறலாகிவிட்டது. குழித் தண்ணீரை வாளியால் இறைத்தார்கள். இறக்கினார்கள். முதல் மண்ணைச் சவரியாயி தள்ளினாள். மண்வெட்டியைத் திருப்பி, அதன் முதுகால் தள்ளினாள். அவர் அன்று குழந்தைக்கு அப்படித்தான் தள்ளினார் என்று சூசை சொல்லியிருந்தான். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

யாருக்கும் சொல்லத் தெரிந்த ஜெபம் இல்லை. மணி ஏழு இருபது. மேகம் பிளந்து மேற்கே ஒரு கீற்று சிவப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

சவரியாயி மடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த இரண்டு மெழுகுவத்திகளை எடுத்தாள். குழியண்டை ஏற்றுவது அவருடைய முறை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது வீட்டு மேசைக்கு உரியது. ஆனால் அந்த வீட்டு மேசைக்கு இனி யார் இருக்கிறார்கள்? ஒன்றை ஈரமண்ணில் அவர் தலைமாட்டில் ஊன்றினாள். இன்னொன்றைப் பக்கத்துச் சின்ன மேட்டில் ஊன்றினாள். மாயாண்டி உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொடுத்தார். “நான் சொன்னேன்ல, வெள்ளிக்கெழம வெளக்குன்னு,” என்றார் மெதுவாக.

லகாட் பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் பாங்கு கேட்டது. முத்தம்மா போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ராவுத்தர் பிஸ்மில்லா சொல்லி, அங்கேயே குந்தி உட்கார்ந்து, நோன்பு திறந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை வந்து நின்றது. அருளப்பன் கிராணி. கக்கத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றிய சாவுப் புத்தகம். அடக்கம் ஆனதற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். ராவுத்தர் போட்டார், மாயாண்டி பெருவிரல் வைத்தார். அதற்குப் பிறகும் அருளப்பன் புத்தகத்தை மூடவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சின்ன மேட்டின்மேல் எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்தார்.

“இதுக்கு அடுத்த வரி காலியா இருக்கு,” என்றார். “அந்தப் புள்ளைய நான் அன்னிக்கு எழுதல. பேரு என்ன, சவரியாயி?”

இருபத்தைந்து வருஷமாக அந்தப் பேரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அது டாக்டர் வைத்த பேர், அவருடைய அம்மாவின் பேர். அந்த அம்மாவை யுத்த காலத்தில் வியன்னாவில் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, குழியும் இல்லை. அந்தப் பேருக்கு உலகத்தில் எங்கேயாவது ஒரு குழி இருக்கட்டும், உனக்குச் சம்மதமா என்று அன்று பிரசவக் கட்டிலண்டை வந்து கேட்டார். அவள் சரி என்றாள்.

“ரெபேக்கா,” என்றாள்.

அருளப்பன் குடையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதினார். வருஷம் எழுதினார். மதம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா மறுபடி நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“சின்னப் புள்ளன்னு எழுதுங்க,” என்றாள் சவரியாயி.